செயலாளரின் ஆண்டறிக்கை 2024/2025: மின்வண்டியும் பிளக் பொயின்ட்டும்

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, ஓட்டோ ஸ்டாண்டுச் சகோதரர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மரண உதவி கேட்ட குடும்பங்களுக்குக் கொடுத்தோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வருடத்தில் பாதியை விழுங்கியது மின்வண்டி விவகாரம், அதைச் சொல்லிவிடுகிறேன்.

2022இல் கியூஆர் கோட்டைக் காட்டி வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோலுக்கு நாம் வரிசையில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. நோர்ட்டன்பிரிஜ், லக்ஷபான, தலவாக்கலை அணை என்று கரண்ட் எல்லாம் நம் மலையில் பிறக்க, நாம் ஏன் பவுசர் வரும் வழியைப் பார்த்து நிற்க வேண்டும் என்று அன்றைக்கே சிலர் கேட்டார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதித் தடை நீங்கி, மே மாதத் தேர்தலோடு பிரதேச சபைக்கு மறுபடி உறுப்பினர்களும் வந்த பிறகு பேச்சு சூடு பிடித்தது.

குப்பை அள்ள மின்வண்டி வாங்கலாமா என்று சபையில் எம்மிடமும் கேட்டார்கள். பதில் சொல்லுமுன் ஒரு கொப்பியோடு சபையின் குப்பை டிரெக்டரில் ஏறினோம். நம் உறுப்பினர் ஒருவர் ஒரு கிழமை முழுக்க சாரதி பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்து, எங்கே நின்றது, எவ்வளவு நேரம் எஞ்சின் சும்மா ஓடியது, எந்த மேட்டில் சுமையோடு ஏறியது என்று குறித்தார். மழையில் ஊறிய கொப்பியை அடுப்புமேல் காயவைத்ததால் இன்றும் அதில் புகை மணக்கிறது. ஓடும் தூரம் குறைவு, நின்று நின்று போவதுதான் அதிகம். மின்மோட்டாருக்கு ஏற்ற வேலை.

“மேடு இழுக்குமா தம்பி?” என்றார் டிரெக்டர் அண்ணன். 2 தொன்னை 300 மீற்றர் உயர்த்த வேண்டிய சக்தி ஏறத்தாழ 1.6 அலகுதான். வழியில் வீணாவதைச் சேர்த்தால் கூடும். இறங்கும்போது பிரேக் பிடிப்பதில் ஒரு பங்கு பற்றரிக்கே திரும்பும். ஆனால் மேட்டிலுள்ள கராஜில் பற்றரியை முழுதாக நிரப்பிவிட்டு இறங்கினால், திரும்பும் கரண்டுக்கு உள்ளே இடமிருக்காது. அங்கே கொஞ்சம் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும். வண்டி பகலில் ஓடுவதால், நேர அடிப்படைக் கட்டணம் எடுத்தால் இரவு 10.30க்குப் பின் மலிவாக ஏற்றலாம். இவற்றை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். அதுவரை வண்டி விலையையே பேசியவர்கள், பிறகுதான் பிளக் பொயின்ட் எங்கே வைப்பது என்று கேட்டார்கள். இந்த வருடம் நாம் உருப்படியாகச் செய்தது இதுதான் என்பேன்.

பொதுச் சார்ஜிங் விடயத்தில் அவ்வளவு ராசியில்லை. என்னுடைய பழைய நிசான் லீஃப் மின்கார் ஜனவரிக் குளிரில் நுவரெலியாவுக்கு ஏறும்போது நானுஓயாவில் மூச்சு வாங்கியது. தேநீர்க் கடை அக்கா ஒருவர் 15 அம்பியர் பிளக்கைத் தந்தார். மூன்று மணித்தியாலம், ஐந்து பிளேன்டீ. காசு வாங்க மறுத்துவிட்டார். வேகமாகச் சார்ஜ் ஏற்றும் பிளக் இரண்டு வகை: பழைய லீஃபுக்குச் சாடெமோ, இப்போது வரும் வண்டிகளுக்குச் சிசிஎஸ்2. ஒன்றை மட்டும் வைத்தால் சிவனொளிபாதமலைப் பருவத்தில், டிசம்பரிலிருந்து மே வரை, சண்டைதான் வரும். இரண்டும் வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். நேரில் போய்த் தேடியபோது, நம் கடிதம் ‘வாகனத் தரிப்பிடக் கட்டண முறைப்பாடு’ கோப்பில் படுத்திருந்தது.

தோட்டத்தில் இருக்கும் நம் சாரதிகளை இதில் விட்டுவிட முடியாது. லயத்து வயரிங் ஓட்டோவுக்கு இரவெல்லாம் சார்ஜ் போடத் தாங்காது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு, தோட்டத்துக்குள்ளும் சபை நிதி செலவிட வழியுண்டு. ஆகவே தோட்டச் சந்திகளில் தனி மீற்றரோடு ஒரு கூரை, நான்கு பிளக் என்று கேட்டிருக்கிறோம். தவிசாளர் இடம் காட்டச் சொன்னார். உங்கள் தோட்டத்தில் மின்கம்பத்துக்குக் கிட்ட, மண் சரியாத, ஓட்டோ திருப்பக்கூடிய இடம் எதுவென்று இன்றே வெளியே மேசையிலுள்ள கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள். புகை மணக்கும் அதே கொப்பிதான்.

இப்படிக்கு,
செயலாளர்