உயிரித் தொழில்நுட்பத் துறைகளின் ஆய்வுப் பரப்புகள்: பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், ஆராய்ச்சிக் குழு, பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

எந்த உயிரித் தொழில்நுட்பத் துறையை எடுத்தாலும் ஆய்வுப் பரப்புகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நானோ உயிரித் தொழில்நுட்பம், புற்றுநோய் உயிரியல், மூலிகை மருந்தியல், உயிர்த் தகவலியல், தாவரத் திசு வளர்ப்பு, மெட்டாஜீனோமிக்ஸ் என்று அது நீளும். ஆசிரியர்களைவிடப் பரப்புகள் அதிகமாக இருப்பதும் உண்டு. ஆய்வேடுகளைப் புரட்டினாலோ பலவும் ஒரே தடத்தில் போகின்றன: ஒரு மூலிகையின் இலை, அதன் சாறு, பாக்டீரியா பிளேட்டில் தடுப்பு வளையம் (சாற்றைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வட்டம்), அதே சாற்றில் வெள்ளி நானோ துகள், ஒரு புற்றுநோய் செல் வரிசையில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்களில்) எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று பார்க்கும் எம்டிடி சோதனை, கடைசியில் கணினியில் டாக்கிங், அதாவது ஒரு மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்ற கணிப்பு.

நாங்கள் கேட்பது இதுதான். ஒரு பரப்பு பட்டியலில் இருக்க வேண்டுமானால், அதற்குரிய கன்ட்ரோல் சோதனைகளை, அதாவது முடிவு உண்மையா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகளைச் செய்யும் வசதியும், மூல மாதிரிகளைப் பத்து ஆண்டு கெடாமல் காக்கும் ஏற்பாடும் அந்தத் துறையில் இருக்க வேண்டும். இல்லாத பரப்புகளில் அடுத்த சேர்க்கையிலிருந்து முனைவர் பட்டப் பதிவு வேண்டாம்.

இது கடுமையாகத் தோன்றலாம். ஏன் கேட்கிறோம் என்பதற்கு அந்தத் தடத்தையே முதலிலிருந்து பார்ப்போம்.

இலையில் தொடங்குகிறது சிக்கல். கீழாநெல்லி என்று சந்தையில் வாங்கி, ஃபில்லாந்தஸ் நிரூரி என்று எழுதிவிடுகிறார்கள். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் வயல் வரப்பில் நிற்பது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ், இல்லையென்றால் அதன் நெருங்கிய உறவினங்களில் ஒன்று. பூவும் காயும் உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, உலர்தாவர மாதிரியாகக் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகத்திலோ, திருச்சியின் ராபினாட் ஹெர்பேரியத்திலோ சரிபார்த்து, எண் வாங்கியிருந்தால் இந்தக் குழப்பமே வராது. அந்த எண் இல்லாத ஆய்வேட்டில் பின்வரும் ஐந்து அத்தியாயங்களும் எந்தச் செடியைப் பற்றியவை என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது தடுப்பு வளையம். பாக்டீரியா வளர்க்கும் முல்லர்-ஹின்டன் அகர் ஊடகம் 4 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும், 90 மி.மீ. பிளேட்டுக்கு ஏறத்தாழ 25 மி.லி. ஊற்ற வேண்டும். சிக்கனம் பார்த்து 15 மி.லி. ஊற்றினால் ஆழம் 2.4 மி.மீ.தான் வரும், வளையம் பெரிதாகத் தெரியும். பாக்டீரியாக் கலங்கல், கலங்கலை அளக்கும் மெக்ஃபார்லண்ட் அளவுகோலில் 0.5 அளவில் இருக்க வேண்டும், அதாவது மி.லி.க்கு 10 முதல் 20 கோடி செல்கள். கலக்கி 15 நிமிடத்துக்குள் தடவியாக வேண்டும். முந்தைய நாள் வளர்த்த திரவத்தை அளக்காமல் அப்படியே 100 மைக்ரோலிட்டர் பரப்பினால், ஒவ்வொரு நாளும் ஒரு விடை வரும். ஈ.கோலை ஏடிசிசி 25922 என்ற தர ஸ்ட்ரெயினில் (ஒப்பீட்டுக்கான பாக்டீரியா வகையில்) 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வட்டு 19 முதல் 26 மி.மீ. வளையம் தர வேண்டும். தராத நாளில் அந்த வரிசை முழுவதையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இந்தத் தர ஸ்ட்ரெயின் அட்டவணை இணைக்கப்பட்ட ஆய்வேடுகள் அரிது.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் இன்னும் சங்கடம். மி.லி.க்கு 100 மி.கி. சாறு கரைத்து 20 மைக்ரோலிட்டர் வட்டில் விட்டால், அதில் இருப்பது 2 மி.கி. பக்கத்தில் வைத்த ஜென்டாமைசின் வட்டில் 10 மைக்ரோகிராம். 200 மடங்கு வித்தியாசம். அப்புறம் 'சாறு மருந்துக்கு இணையாகச் செயல்பட்டது' என்று முடிவுரை. அதற்கும் மேலாக, எண்ணெய்த்தன்மை உள்ள சேர்மங்கள் அகரில் சரியாகப் பரவுவதில்லை; எனவே ஹெக்சேன் என்ற கரைப்பானில் எடுத்த சாற்றின் வளையத்தையும் நீர்ச் சாற்றின் வளையத்தையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஒப்பிட வேண்டுமானால் 96 குழித் தட்டில் திரவ நீர்ப்புச் சோதனை செய்து, குறைந்தபட்சத் தடுப்பு அளவைக் காண வேண்டும். குழிக்குள் பாக்டீரியா மி.லி.க்கு 5 லட்சம், சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்துக்குள், அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள குழி தனியாக, சாறு மட்டும் உள்ள குழி தனியாக. பச்சை நிறச் சாற்றில் கலங்கல் கண்ணுக்குத் தெரியாது என்பதால் ரெசசூரின் சாயம் சேர்த்து நிறமாற்றம் பார்ப்பது நல்லது. கச்சாச் சாறு மி.லி.க்கு 1 மி.கி.க்கு மேல் போட்டால்தான் வேலை செய்கிறது என்றால், அதைத் தொடர்வதில் பயனில்லை என்று துணிந்து எழுதலாம். அப்படி எழுதிய மாணவருக்குப் பட்டம் தர மறுக்கக் கூடாது. அதை உறுதிசெய்வது நிர்வாகத்தின் வேலை.

வெள்ளி நானோ துகள். 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 9 பங்கு, இலைச்சாறு 1 பங்கு, சிறிது நேரத்தில் பழுப்பு நிறம், ஒளி உறிஞ்சலில் 420 முதல் 450 நானோமீட்டர் அருகில் ஒரு மேடு. அழகான சோதனை, இளநிலை மாணவர்களுக்கு ஒரு மதியம் செய்து காட்டத் தகுந்தது. ஆனால் அந்தக் கலவையில் தொடக்கத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 97 மி.கி. வெள்ளி இருந்தது. எல்லாமே துகளாகிவிட்டது என்று பழுப்பு நிறம் சொல்லாது. வெள்ளி அயனி தானாகவே பாக்டீரியாவைக் கொல்லும், அதுவும் மிகக் குறைந்த அளவிலேயே. துகளை மையவிலக்கில் இறக்கி மூன்று முறை கழுவி, கழுவிய நீரையும் தனியாகச் சோதித்து, அதே வெள்ளி அளவுள்ள சில்வர் நைட்ரேட்டையும் பக்கத்தில் வைத்தால்தான் துகளின் பங்கு என்ன, இலையின் பங்கு என்ன என்று பேச முடியும். வெள்ளியின் அளவை அறிய, தனிமங்களை அளக்கும் ஐசிபி அல்லது அணு உறிஞ்சல் கருவி வேண்டும். அது எட்டாத துறையில் 'நானோ உயிரித் தொழில்நுட்பம்' என்ற பரப்பு எதற்கு?

புற்றுநோய் உயிரியலில் கைவைக்கும்போது கவனம் இன்னும் கூட வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது அந்த இலையைக் காய்ச்சிக் குடிக்கக்கூடும். எம்டிடி சோதனையில் உயிருள்ள செல்கள் எம்டிடி என்ற மஞ்சள் நிறப் பொருளை ஊதா ஃபார்மசானாக மாற்றுகின்றன. 570 நானோமீட்டரில் அளக்கிறோம். மூலிகைச் சாற்றின் பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமல் அதே மாற்றத்தைச் செய்யும். செல் இல்லாத குழியில் சாறும் எம்டிடியும் மட்டும் போட்டு அளந்து கழிக்காவிட்டால், வரும் எண் செல்லைப் பற்றியதா சாற்றைப் பற்றியதா என்று தெரியாது. மருந்தூட்டம் முடிந்ததும் பழைய ஊடகத்தை எடுத்துவிட்டு ஒரு முறை கழுவி எம்டிடி சேர்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஒட்டி வளராத செல்களில் அப்படிக் கழுவ முடியாது. அங்கே வேறு சோதனை தேவை.

செல் வரிசையின் கதை அதைவிட மோசம். சாங் லிவர் செல்களை 'இயல்பான கல்லீரல் செல்' என்று ஒப்பீட்டுக்கு வைத்த கட்டுரைகள் நம் நாட்டில் ஏராளம். அந்த வரிசை ஹீலா, அதாவது கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல். வாய்ப் புற்றுநோய் என்று கேபி செல்களைப் பயன்படுத்துபவர்களும் ஹீலாவைத்தான் வளர்க்கிறார்கள். தவறாக அடையாளம் காட்டப்பட்ட செல் வரிசைகளின் பன்னாட்டுப் பட்டியலில் இவை வெகுகாலமாக இருக்கின்றன. புனேயில் உள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்து வாங்கி, எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாளம் பார்த்து, இருபது கடத்தலுக்குள் (புதுக் குடுவைக்கு மாற்றி வளர்ப்பதற்குள்) பயன்படுத்தி, மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா புகுந்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்வது என்ற ஒழுங்கு வேண்டும். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவர் இல்லாததால் பென்சிலின் அதைத் தொடாது. 0.2 மைக்ரான் வடிகட்டியிலும் நுழைந்துவிடும். நுண்ணோக்கியில் தெரியாது, ஊடகமும் கலங்காது. செல்லின் வளர்சிதைமாற்றத்தையே மாற்றிவிடுவதால் எம்டிடி எண்கள் மட்டும் கெட்டுப் போகும்.

டாக்கிங்குக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. ஆட்டோடாக் வீனா போன்ற மென்பொருள் தரும் பிணைப்பு ஆற்றல் எண்ணின் பிழை ஏறத்தாழ 2 முதல் 3 கிலோகலோரி. மைனஸ் 7.9-ஐவிட மைனஸ் 8.3 மேலானது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. புரதத்தோடு படிகமான மூலக்கூற்றையே எடுத்துத் திரும்பப் பொருத்தி, பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (அணு அளவிலான நீள அலகு) வருகிறதா என்று காட்டாத டாக்கிங்கை ஆய்வேட்டின் அத்தியாயமாக ஏற்காதீர்கள்.

இத்தனைக்கும் மாணவர்கள் சோம்பேறிகள் அல்லர், நெறியாளர்களுக்கும் தெரியாமல் இல்லை. கட்டுரை எண்ணிக்கை கேட்கும் விதியும், மூன்றாண்டில் கலைந்து போகும் திட்ட நிதியும் இந்தத் தடத்தைத்தான் பாதுகாப்பான வழியாக்கியிருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட விதிமுறையில் ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. அதைத் தம் சொந்த விதியாக இன்னும் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் எடுத்துவிடலாம். அதற்குப் பதிலாக மூலத் தரவு, கன்ட்ரோல் அட்டவணை, மாதிரிகளின் வைப்பு எண் ஆகியவற்றைக் கேளுங்கள். தனிமைப்படுத்திய பாக்டீரியாவாக இருந்தால் சண்டிகரின் எம்டிசிசி, புனேயின் என்சிஐஎம் ஆகிய நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் ஒன்றில் வைப்பு. பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணு வரிசை மட்டும் போதாது, ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் அது பிரித்துக் காட்டாது.

சரி, எதை வைத்துக்கொள்வது? மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகமும் 1980-களிலேயே இந்தத் துறையைத் தொடங்கிவிட்ட மாநிலம் இது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வட்டாரத்தின் இரண்டு மூன்று சிக்கல்களைப் பிடித்துக்கொண்டு பத்தாண்டு விடாமல் செய்தால், கருவிக்கும் பொருள் உண்டு, மாணவருக்கும் தொடர்ச்சி உண்டு. ஓர் எடுத்துக்காட்டை மட்டும் விரித்துச் சொல்கிறோம்.

சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கம் மரவள்ளியைத் தேமல் நோய் வாட்டுகிறது. இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என இரண்டு. வெள்ளை ஈ பரப்புகிறது. அதைவிட, நோயுள்ள குச்சியை அடுத்த பருவத்துக்கு நடும் விவசாயி தெரியாமலேயே பரப்புகிறார். வைரஸ் இல்லாத நடவுக் குச்சி தருவது திசு வளர்ப்புத் துறை ஒன்றால் செய்யக்கூடிய வேலை. தாய்ச் செடியைச் சில வாரம் 37, 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து, நுனி மொட்டிலிருந்து 0.3 முதல் 0.5 மி.மீ. வளர்நுனியை மட்டும் வெட்டி, திசு வளர்ப்புக்கான எம்எஸ் ஊடகத்தில் வைக்க வேண்டும். 1 மி.மீ.க்கு மேல் வெட்டினால் உயிர் பிழைக்கும், வைரஸும் சேர்ந்து பிழைக்கும். 0.2-க்குக் கீழே போனால் பெரும்பாலும் கருகிவிடும். இந்தக் கைப்பழக்கம் வர மாதங்கள் ஆகும். அது வந்த ஆளைத் திட்டம் முடிந்தது என்று அனுப்பிவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அடுத்த கண்ணி பிசிஆர் சோதனை. மரவள்ளி இலையில் பாலும் ஃபீனாலும் மாவுப் பொருளும் மிகுதி. ஃபீனால் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் பிவிபி, பீட்டா மெர்காப்டோஎத்தனால் ஆகிய வேதிப்பொருள்கள் சேர்த்த சிடிஏபி முறையில் டிஎன்ஏ எடுக்காவிட்டால் பிசிஆர் தடைபடும், வைரஸ் டிஎன்ஏவைக் காட்டும் பட்டை வராது, 'வைரஸ் இல்லை' என்று எழுதிவிடுவோம். எனவே அதே குழாயில் செடியின் சொந்த மரபணு ஒன்றும் பெருகுகிறதா என்று பார்க்க வேண்டும். குடுவையில் இருக்கும்போது ஒரு முறை, பதப்படுத்திய பின், அதாவது வெளிச்சூழலுக்குப் பழக்கிய பின், இரண்டு மூன்று மாதத்தில் இன்னொரு முறை. குடுவைச் செடியில் வைரஸ் அளவு மிகக் குறைவாக ஒளிந்திருப்பது உண்டு. பதப்படுத்தும் கொட்டகையில் ஈரப்பதத்தை ஒரேயடியாகக் குறைத்தால் ஒரு வாரத்தில் செடிகள் சுருண்டுவிடும். வலை 50 மெஷ் இல்லையென்றால் வெள்ளை ஈ உள்ளே வந்து செய்ததையெல்லாம் வீணாக்கும். இந்த வரிசையில் ஒவ்வொரு கண்ணியும் ஓர் ஆய்வேட்டுக்குரிய கேள்வி. ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும், திருவனந்தபுரத்தில் மத்திய கிழங்குப் பயிர் நிறுவனமும் இருக்கின்றன. இரகங்களுக்கும் வயல் சோதனைக்கும் அவர்களோடு ஒப்பந்தம் போடலாம்.

டெல்டா கடலோரத்தில் இறால் பண்ணைகளின் ஈஎச்பி என்ற ஒட்டுண்ணி நுண்ணுயிரி இப்படி ஒரு பரப்பாகலாம். இறால் சாகாது, வளராது. அதனால் நோய் தாமதமாகவே தெரியும். அதைப் பிசிஆரில் தேடும் பழைய ரைபோசோம் ப்ரைமர்கள் (எந்த மரபணுவைப் பெருக்குவது என்று தீர்மானிக்கும் டிஎன்ஏ துண்டுகள்) அதன் உறவினங்களான மற்ற மைக்ரோஸ்போரிடியாவையும் காட்டிவிடும். ஸ்போர் சுவர்ப் புரத மரபணு ப்ரைமரே நம்பத் தகுந்தது. பொள்ளாச்சித் தென்னையின் சுருள் வெள்ளை ஈயும் அதை அழிக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் இன்னொன்று. வட்டாரத்துக்கு வட்டாரம் இப்படி உண்டு, துறைகளே சொல்லும்.

பணம் பற்றி ஒன்றே ஒன்று. கருவி வாங்கத் திட்டம் பணம் தருகிறது. பராமரிக்க யாரும் தருவதில்லை. மைனஸ் 80 உறைபெட்டி 32 டிகிரிக்கு மேல் சூடேறும் அறையில் நின்றால் கம்ப்ரசர் சீக்கிரம் போய்விடும். தூசி வடிகட்டியை மாதந்தோறும் கழுவ வேண்டும். ஜெனரேட்டர் தானாக மாறுகிறதா என்று விடுமுறை தொடங்கும் முன் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். கிளிசராலில் உறைய வைத்த ஒவ்வொரு பாக்டீரியா மாதிரியும் இரண்டு கட்டிடங்களில் இருக்க வேண்டும். கருவி விலையில் ஆண்டுக்கு 5 முதல் 10 சதவீதம் பராமரிப்புக்கென்று பல்கலைக்கழகப் பொது நிதியிலிருந்து ஒதுக்குங்கள். அடிக்கடி பயன்படாத கருவிகளை வாங்கவே வேண்டாம். ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் பதிவு செய்து வேறு நிறுவனத்தில் நேரம் வாங்குங்கள். மரபணு மாற்ற வேலை நடக்கும் துறையில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான 1989 விதிகளின்படி நிறுவன உயிர்ப் பாதுகாப்புக் குழு உண்மையிலேயே கூடுகிறதா என்பதையும் கேளுங்கள்.

அடுத்த ஆராய்ச்சிக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மூன்று பொருள்களைச் சேர்க்கக் கோருகிறோம்: துறைவாரியாக ஆய்வுப் பரப்புகளின் மறுபரிசீலனை, ஆய்வேட்டுக்கு முன் தரும் சுருக்கமான சினாப்சிஸுடன் கன்ட்ரோல் அட்டவணையையும் வைப்பு எண்களையும் கட்டாயமாக்குதல், பராமரிப்பு நிதிக்குத் தனிக் கணக்குத் தலைப்பு. ஏற்கெனவே பதிவு செய்துள்ள மாணவர்களுக்கு இவற்றைப் பின்தேதியிட்டுப் பொருத்த வேண்டாம். அவர்களுக்கு, விடுபட்ட கன்ட்ரோல்களைச் செய்து முடிக்க ஆறு மாத நீட்டிப்பும் அதற்கான வேதிப்பொருள் செலவும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
உயிரித் தொழில்நுட்ப, உயிர் அறிவியல் ஆய்வகங்களில் பணிபுரியும் ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் சிலர்