1879-க்கு முன்னால் ஒரு வேலைநீக்கம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த உளவியல் வரலாற்றுக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஜெர்மன் உளவியலாளர் வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வகம் தொடங்கியதிலிருந்து கட்டுரை ஆரம்பிக்கிறது. பாடநூல்களும் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன, கட்டுரையாளரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அதற்கு 83 ஆண்டுகள் முன்பு இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் ஒருவருக்கு வேலை போன கதை விடுபட்டுவிட்டதே என்று இருந்தது.

அவர் டேவிட் கின்னிபுரூக், அரச வானியலாளர் நெவில் மாஸ்கெலினின் உதவியாளர். தொலைநோக்கிக்குள் இருக்கும் கம்பியை நட்சத்திரம் எந்த நேரத்தில் தாண்டுகிறது என்று குறிப்பது அவருடைய வேலை. கடிகாரத்தைப் பார்த்து நொடியை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் கண் தொலைநோக்கியில், காது கடிகாரத்தின் டிக் சத்தத்தில். இரண்டு டிக்குகளுக்கு நடுவே நட்சத்திரம் கம்பியைத் தாண்டும்போது, நொடியைப் பத்தாகப் பிரித்து அது எத்தனையாவது பங்கு என்று உத்தேசமாகச் சொல்ல வேண்டும். கின்னிபுரூக் குறித்த நேரம் மாஸ்கெலின் குறித்ததைவிட 0.8 நொடி பிந்திப்போனது. சொல்லிப் பார்த்தும் சரியாகவில்லை என்று 1796-இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முக்கால் நொடிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். சென்னை இருக்கும் அட்சரேகையில் 0.8 நொடிக்குள் பூமி ஏறக்குறைய 360 மீட்டர் சுழன்றுவிடும். நட்சத்திரத்தைப் பார்த்துத் தீர்க்கரேகையைக் கணக்கிட்ட காலத்தில் இதை யாரும் லேசாக விட்டிருக்க மாட்டார்கள்.

பிற்பாடு இந்தச் சம்பவத்தைப் படித்த ஜெர்மன் வானியலாளர் பெஸல், தன் குறிப்புகளைப் பெயர்பெற்ற வானியலாளர்களின் குறிப்புகளோடு ஒப்பிட்டார். அங்கும் வித்தியாசம், சிலரோடு ஒரு நொடிக்கும் மேல்! ஆக, கின்னிபுரூக்கின் கவனக்குறைவு இதற்குக் காரணம் இல்லை. கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் சேர்த்துக்கொள்வது ஆளுக்கு ஆள் மாறுகிறது. 1802-இலேயே இறந்துபோன அந்த மனிதருக்கு இது தெரிய வழியில்லை. வுண்டும் 1861-இல் ஊசல், மணி ஆகிய இரண்டையும் வைத்துப் பார்த்தது இதே சிக்கலைத்தான். லைப்சிக் வந்தது அதற்கெல்லாம் பிறகு.

டச்சுக்காரர் டோண்டர்ஸ் 1868-இல் வெளியிட்ட சோதனையையும் சேர்த்திருக்கலாம். காலில் லேசாக மின்சாரம் பட்டதும் அதே பக்கத்துக் கையை அசைக்க வேண்டும். எந்தக் கால் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஒரு நேரம், தெரியாவிட்டால் அதைவிட ஏறத்தாழ 1/15 நொடி கூடுதல். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் முடிவெடுக்கப் பிடித்த நேரம் கிடைத்துவிடும் என்றார். எவ்வளவு எளிமையான கணக்கு! நான் இயற்பியல் ஆசிரியராக இருந்தவன். முப்பது செ.மீ. ஸ்கேலைக் கீழே விட்டுப் பிடிக்கச் சொல்வேன். சுமார் 20 செ.மீ. இறங்கியபின் பிடித்தால் 0.2 நொடி. இரண்டு கைக்கும் நேரே இரண்டு ஸ்கேல் வைத்து, எதை விடுவேன் என்று சொல்லாமல் ஒன்றை விட்டால், பல பிள்ளைகள் இன்னும் கீழேதான் பிடிப்பார்கள், சிலர் கோட்டையே விட்டுவிடுவார்கள். வகுப்பில் சிரிப்பு அடங்க நேரமாகும்.

இன்னொன்று. அமெரிக்க உளவியலாளர் வாட்சன் 1913-இல், வெளியே தெரியும் நடத்தையை மட்டும் பார்ப்போம், மனம் பற்றிய பேச்சே வேண்டாம் என்றபின், கணினி வரும்வரை எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்ததுபோல் கட்டுரை சொல்கிறது. அது அமெரிக்காவுக்கு ஓரளவு பொருந்தலாம். நினைவு எப்படிக் கதையைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்கிறது என்று கேம்பிரிட்ஜில் உளவியலாளர் பார்ட்லெட் 1932-இலேயே எழுதிவிட்டார். டோண்டர்ஸின் வழியும் செத்துப்போகவில்லை. மனதில் வைத்திருக்கும் எண்களைத் தேட எண்ணுக்குச் சுமார் 38 மில்லிநொடி ஆகிறது என்று சால் ஸ்டெர்ன்பர்க் 1966-இல் கண்டதும் நேரத்தை ஒப்பிட்டுத்தான்.

நம்ம ஊர் சங்கதி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழிலும் கல்வெட்டு உண்டு. நட்சத்திரம் கடக்கும் நேரம் பார்க்கும் கருவியைத் தாங்கிய தூண் அது. பிற்காலத்தில் அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறொளிர் நட்சத்திரத்தையே (ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம்) கண்டுபிடித்தவர். கட்டுரைத் தொடர் நீளுமானால், இங்கே இருந்தவர்களின் குறிப்புகளில் ஆளுக்கு ஆள் எவ்வளவு வித்தியாசம் இருந்தது என்று யாரையாவது தேடி எழுதச் சொல்லுங்கள். தூணின் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோடம்பாக்கம், சென்னை