உளுந்துக்குள் கேட்கும் சத்தம்

அன்புள்ள கயலுக்கு,

நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பூச்சியின் வாழ்க்கை, ஒலிப்பதிவு, தானியச் சேமிப்பு மூன்றையும் சேர்த்துச் செய்கிற ஆராய்ச்சி எந்தத் துறையிலும் அடங்காது, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடு என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒலியை விட்டுவிடலாமா என்று கேட்டாய். அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. நிதானமாக யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்: விடாதே.

1980களின் கடைசியில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி மர்டாக் என்ற பூச்சியியல் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் கேமரூன் நாட்டின் வடபகுதியில் வேலை செய்தார்கள். அங்கே தட்டைப்பயறு முக்கியமான பயிர். இறைச்சி வாங்க முடியாத வீட்டில் புரதம் என்றால் அதுதான். அறுவடை முடிந்து சில மாதத்தில் வண்டு குடைந்து மூட்டை முழுக்க ஓட்டை விழுந்துவிடும். அந்தப் பயத்தில் விலை அடிமட்டத்தில் இருக்கும்போதே விவசாயி விற்றுவிட வேண்டியிருக்கும். பிறகு சாப்பாட்டுக்கு அதே பயறைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டும். நம்ம ஊர்க் கதைதான், கண்டம் மட்டும் வேறே.

நம் வீட்டு உளுந்தில் விழுவதும் அதே இனத்து வண்டுதான். பங்குனியில் தரிசு உளுந்து எடுத்து வரும்போதே அது கூடவே வந்துவிடுகிறது. வீட்டுக்குள் எங்கிருந்தோ வருகிறது என்று அப்பாயி கோபப்படுவார்கள். உண்மையில் வயலில் காய் முற்றும்போதே வண்டு வந்து முட்டை வைத்துவிடும். மூட்டைக்கு வந்த பிறகு பயறு மணியின் மேலேயே வைக்கும். ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பார். தோல் மேல் சுண்ணாம்புத் துளி மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். புழு வெளியே தலைகாட்டாது. முட்டைக்கு அடியிலேயே தோலைக் குடைந்து உள்ளே போய், அங்கேயே தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வளர்ந்த வண்டாக ஒரு வட்டக் கதவு திறந்து வெளியே வரும். நல்ல சூட்டில் இதெல்லாம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும். நம் கண்ணில் படுகிற வண்டு பயறைத் தின்பதில்லை என்பது உனக்குத் தெரியும். தின்றதெல்லாம் உள்ளே இருந்த புழு. ஆக, ஓட்டையைப் பார்க்கிற நேரத்தில் நாம் செய்வதற்கு எதுவும் மிச்சமிருக்காது.

மர்டாக் குழு சாம்பல் கலக்கும் முறையையும் சோதித்தது. அப்பாயி பானையில் செய்ததேதான். மணிகளுக்கு இடையிலுள்ள சந்துகளையெல்லாம் சாம்பல் அடைத்துவிட்டால் வண்டு நடமாட இடமில்லை. வெயிலில் சூடேற்றிப் பார்த்தார்கள். அப்புறம்தான் மூன்று அடுக்குப் பை வந்தது. உள்ளே இரண்டு கெட்டியான பாலித்தீன் பைகள், வெளியே நெய்த பிளாஸ்டிக் சாக்கு. காய்ந்த பயறைப் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒவ்வொரு பையின் வாயையும் தனித்தனியாக முறுக்கி, மடக்கி, இறுக்கிக் கட்ட வேண்டும். மருந்து எதுவும் வேண்டாம். உள்ளே இருக்கிற பூச்சிகளே மூச்சு விட்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பயறு மட்டும் சரியாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

பை வேலை செய்தது. ஆனால் ஏன் வேலை செய்தது? மூச்சுத் திணறிச் செத்தது என்று சொல்லி யாரும் நிறுத்தியிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. இந்த இடத்தில்தான், கயல், உன் ஒலி வருகிறது.

அதே பர்டூவில் ரிச்சர்ட் ஷேட், மர்டாக் முதலானவர்கள், பயறுக்குள் புழு கடிக்கும்போது எழும் மீயொலியைப் பிடிக்கும் முறையை 1990இல் எழுதினார்கள். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அவர்கள் கேட்டது 40,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில். அந்த உயரத்தில் அறையின் பேச்சுச் சத்தம், காலடி, மின்விசிறி எல்லாம் பெரும்பாலும் விலகிவிடும், கடிக்கிற சத்தம் மட்டும் தனியாக நிற்கும். ஒலிப்பதிவு அறையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு அதைப் படித்தபோது கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றியது. மணியை உடைக்காமலே உள்ளே புழு தின்கிறதா, சும்மா இருக்கிறதா என்று எண்ணிச் சொல்லலாம். ஒவ்வொரு கடியும் ஒரு துடிப்பு.

2012இல் மர்டாக், ஷேட், நைஜரின் பாவுவா முதலானவர்கள் சேர்ந்து எழுதிய ஆய்வுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. காற்றுப் புகாமல் மூடியதும் ஆக்சிஜன் குறைகிறது, புழு தின்பதை நிறுத்துகிறது. ஆனால் உடனே சாவதில்லை. அது தண்ணீரே குடிக்காத பிராணி. காய்ந்த பயறுக்குள் இருந்துகொண்டு, தின்றதை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, அதில் பிறக்கிற தண்ணீரைக் கொண்டுதான் உயிர் வாழ்கிறது. ஆக்சிஜன் போனால் அந்தத் தண்ணீரும் போச்சு. மெல்ல மெல்ல உலர்ந்து செத்துப்போகிறது. தாகத்தில் சாகிறது என்பதை நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பூச்சியின் உடலைப் புரிந்தவர், தின்னும் சத்தத்தைக் கேட்கத் தெரிந்தவர், பை செய்யத் தெரிந்தவர் என எல்லாரும் ஒரே மூட்டையைச் சுற்றி உட்காராமல் இந்த விடை கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இது முடிந்துபோன கதையும் இல்லை. 2017இல் கென்ய ஆராய்ச்சியாளர் ந்ஜோரோகேயும் அமெரிக்க வேளாண் துறையின் மான்கினும் வேறு சிலரும் அரிசி வண்டைக் காற்றுப் புகாத கலத்தில் வைத்து, ஆக்சிஜன் குறையக் குறைய அதன் ஒலி எப்படி அடங்குகிறது என்று பார்த்தார்கள். தொடக்கத்தைத் தேடினால் 1924இல் தென்னாப்பிரிக்காவின் பிரெய்ன், வானொலித் தொழில்நுட்பத்தைப் பூச்சி ஆராய்ச்சிக்குத் திருப்ப முயன்றிருக்கிறார். வானொலி சின்னப் பிள்ளையாக இருந்த காலம் அது! உன் ஆராய்ச்சி திடீரென்று முளைத்த ஆசை இல்லை. அதற்கு நூறு வருஷப் பரம்பரை இருக்கிறது, உன்னைக் கேள்வி கேட்கிறவர்களிடம் இதையே சொல்.

வானொலி என்றதும் இன்னொன்று. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பண்ணை இல்ல ஒலிபரப்பில் இருந்த பெரியவர்கள் ஆடுதுறை 27 பற்றிச் சொல்வார்கள். ஜப்பான் நெல்லையும் நம்ம ஜி.இ.பி. 24 என்ற நெல் ரகத்தையும் கலந்து 1960களில் ஆடுதுறையில் எடுத்த குறுகிய கால ரகம். திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் பேசியதில் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகளிடையே அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர் வந்துவிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2007இலிருந்து இந்தப் பையைப் பரப்பியபோதும் வானொலியைப் பயன்படுத்தினார்கள். அதோடு ஊருக்கு ஊர் மூட்டை கட்டி வைத்து, சில மாதம் கழித்து ஊரைக் கூட்டி எல்லார் முன்னாலும் அதைப் பிரித்தார்கள். ஓட்டையில்லாத பயறைத் தன் கையால் அள்ளிப் பார்த்த பிறகு விவசாயிக்கு வேறு சாட்சி எதற்கு? உன் ஆராய்ச்சியிலும் இந்தக் கடைசிப் பகுதிக்கு இடம் வை. சேமிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். புழு கடிக்கும் சத்தத்தை அவர்கள் காதிலேயே ஒருமுறை கேட்க வைத்தால் போதும், மூட்டையின் வாயை எப்படிக் கட்ட வேண்டும் என்று நீ இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்காது.

இதை ஊகத்தில் சொல்லவில்லை. போன மாசம் உன் அம்மா வண்டு விழுந்த உளுந்தைக் கொட்டப் போனாள், நான் ஒரு பிடி வாங்கிக்கொண்டேன். எவர்சில்வர் டம்ளரில் போட்டு, அடியில் பழைய பியசோ வில்லையை (அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற சின்னத் தகடு) ஒட்டி, ஆம்ப்ளிஃபையரில் கோத்து, எல்லாவற்றையும் கம்பளிக்குள் சுற்றி வைத்தேன். முதலில் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் உறுமல்தான். அதை வெட்டிய பிறகு, ராத்திரி ஃபேனையும் நிறுத்திவிட்டு ஹெட்போனை மாட்டினால் டிக், டிக்டிக், கொஞ்சம் இடைவெளி, மறுபடி டிக். அம்மா கேட்டுவிட்டு, “ஐயோ, உள்ளே இவ்வளவு நடக்குதா?” என்றாள். மறுநாளே மிச்ச உளுந்தை எல்லாம் வெயிலில் பரப்பிவிட்டாள்.

ரெக்கார்டிங் விஷயத்தில் சிலது மட்டும். ஒவ்வொரு பதிவோடும் தானியத்தின் வெப்பநிலையைக் குறித்து வை. குளிரில் பூச்சி மந்தமாகிவிடும், சத்தம் இல்லை என்பதால் பூச்சியும் இல்லை என்று ஆகாது. வண்டில்லாத நல்ல பயறையும் அதே டம்ளரில் அதே நேரம் பதிவு செய், இல்லாவிட்டால் மணி நகர்கிற சத்தத்தையும் கடியையும் பிரிக்க முடியாது. எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகவே வை. சுருக்கும்போது முதலில் அடிபடுவது நீ தேடுகிற அந்தச் சின்னத் துடிப்புதான்.

என்னுடைய பதிவை உனக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு, அதில் எது கடி, எது மணி உருள்வது என்று உனக்குப் படுகிறதோ அதை நிமிடக் கணக்கோடு எழுதி அனுப்பு. நானும் இங்கே தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா