தங்ளின் ஹால்ட் பற்றிக் கேட்டிருந்தாய்

அன்புத் தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தியின் படத்தைப் பார்த்தேன், அப்படியே உன் ஜாடை. எனக்கு முழங்கால் வலி விடவில்லை. நடந்தால் கொஞ்சம் தேவலாம் என்பதால் காலையில் குவீன்ஸ்டவுன் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன்.

நீ கேட்ட தங்ளின் ஹால்ட், சிங்கப்பூரில் நாம் குடியிருந்த அந்தப் பழைய குவீன்ஸ்டவுன் பேட்டை, காலியாகிவிட்டது. 2014ல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) இடிக்கப்போவதாக அறிவித்தது 31 புளோக், 3,480 வீடுகள். நமக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் டாசன், மார்கரெட் டிரைவ் பக்கம் போய்விட்டார்கள். புது வீடு, புதிதாக 99 ஆண்டுக் குத்தகை, எல்லா மாடியிலும் நிற்கும் லிஃப்ட். மளிகைப் பையோடு படியேறிய கிழவிகளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! அதனால் இடிப்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் இந்தக் குவீன்ஸ்டவுன் எதற்கெல்லாம் முதலாக நின்றது என்று நினைத்துப் பார். போர் முடிந்தபோது நகரத்துக் கடைவீடுகளில் ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று முடங்கிக் கிடந்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் வீடு கட்டிய எஸ்ஐடி (சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை) இங்கே ஒரு துணை நகரத்தையே கட்டத் தொடங்கி, 1953ல் எலிசபெத் அரசியின் முடிசூட்டை ஒட்டி அதற்குக் குவீன்ஸ்டவுன் என்று பெயரும் வைத்தது. 1956ல் ஃபோர்ஃபார் ஹவுஸ் எழுந்தது. அந்தப் பதினாலு மாடியை அண்ணாந்து பார்க்கவே ஆட்கள் வருவார்கள் என்று அப்பா சொல்வார். ஆனாலும் எஸ்ஐடி 32 ஆண்டுகளில் கட்டியது ஏறக்குறைய 23,000 வீடுகள்தான். 1960ல் வந்த வீவக ஐந்தே ஆண்டுகளில் 50,000க்கு மேல் கட்டியது. அதன் முதல் வீடுகள் ஸ்டர்லிங் ரோட்டு ஏழு மாடிகள்: புளோக் 45, 48, 49. வாடகைக்கு மட்டுமே இருந்த வீட்டைச் சொந்தமாக வாங்கலாம் என்று 1964ல் திட்டம் வந்ததும் இங்கேதான். மூவறை வீடு 6,200 வெள்ளி! அப்பா அதற்கே எவ்வளவு யோசித்தார்.

வீடுகள் சின்னவை. உள்ளே இடமில்லாததால் பாதி வாழ்க்கை தாழ்வாரத்தில் நடந்தது. பாடம் படித்தது, துணி காயப்போட்டது, பக்கத்து வீட்டுச் சீன அம்மாவோடு சமையல் வாசனையைப் பற்றிச் சண்டை போட்டது, அப்புறம் அவரிடமே பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனது எல்லாம் அங்கேதான். புது வீடுகளில் கதவு மூடியே இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முனீஸ்வரன் கோயில் நன்றாக இருக்கிறது. ரயில் தொழிலாளர்கள் தண்டவாளத்தருகே வைத்துக் கும்பிட்ட சாமி இப்போது காமன்வெல்த் டிரைவில். 2011ல் ரயிலே நின்றுபோனது, சாமி நிலைத்துவிட்டார்.

2014ல் பாதுகாக்கவேண்டியவை என்று குவீன்ஸ்டவுன் நூலகம், காமன்வெல்த் அவென்யூ சந்தை, அலெக்சாண்ட்ரா மருத்துவமனைக் கட்டடங்களை அறிவித்தார்கள். சந்தோஷம்தான். 1970ல் திறந்த அந்த நூலகம் இந்த நாட்டின் முதல் முழுநேரக் கிளை நூலகம். ஆனால் மூன்றுமே பொதுக் கட்டடங்கள். குடும்பம் நடத்திய ஒரு வீட்டையும் அப்படியே வைக்கவேண்டும், ஸ்டர்லிங் ரோட்டில் ஒன்றையாவது. குழந்தைகள் உள்ளே போய், இந்த அடுப்படியில் எட்டுப் பேருக்குச் சமைத்தார்களா என்று கேட்கட்டும்.

உங்கள் பழைய வீட்டின் உட்புறப் படங்கள் இருந்தால் தேடி அனுப்பு. எங்களிடம் இருப்பதெல்லாம் வாசலில் எடுத்தவை, சமையலறை ஒன்றில்கூட இல்லை.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து புளோக்குக்காரி