சந்திப்பில் ஒரு பலகை வையுங்கள்: சாலைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டச் சாலைகளைப் போடவும் தோண்டவும் மூடவும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கும், பொறியாளர்களுக்கும், ஒப்பந்தக்காரர்களுக்கும்,

வணக்கம். நான் நாகர்கோவிலில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுபவன். கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு என் பைக்கில் தனியாகப் பேச்சிப்பாறைக்குப் புறப்பட்டேன். அணையைக் கண்ணால்கூடப் பார்க்காமல், இரவு எட்டரை மணிக்கு, பைக்கை லோடு ஆட்டோவில் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினேன். இடையில் நடந்தவற்றில் உங்கள் பங்கு எது, என் தலைவிதியின் பங்கு எது என்று பிரித்து எழுதுவதுதான் இந்த மடலின் நோக்கம்.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் இது என்பதும், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுபவர் ஒருவர், மூட வேண்டியவர் வேறொருவர் என்பதும், இந்த இருவருக்கும் இடையில் கோப்பு நகர்வதற்குள் சாலையில் தவளை குடியேறிவிடுகிறது என்பதும் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை அல்ல. சாலைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று கேட்க இதை எழுதவில்லை. தோண்டுங்கள், இடியுங்கள், ஆறு மாதம் அப்படியே போட்டும் வையுங்கள். ஆனால் வழி அடைபட்டிருக்கிறது என்ற செய்தியை, வழி பிரிகிற சந்திப்பிலேயே ஒரு பலகையில் எழுதி வையுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

அன்று காலை தக்கலையைத் தாண்டி, அழகியமண்டபத்திலிருந்து மலைப்பக்கம் திரும்பும்வரை குறையொன்றும் இல்லை. அதன் பிறகு ஒரு சந்திப்பில், எல்லாரும் வழக்கமாகப் போகிற சாலையில் திரும்பினேன். அந்த இடத்தில் ஒரு நகைக்கடையின் விளம்பரம், இரண்டு கட்சிகளின் வாழ்த்துப் பதாகைகள், ஒரு பூப்புனித நீராட்டு விழாவின் பதாகை என எல்லாம் இருந்தன. சாலை மூடப்பட்டிருக்கிறது என்று சொல்ல மட்டும் ஒரு துண்டுத் தகரம்கூட இல்லை. சரியாக ஏழு கிலோமீட்டர் போன பிறகு, சாலைக்கு அடியில் தண்ணீர் போகக் கட்டிய ஒரு கலுங்கை உடைத்துப் போட்டிருந்த இடத்தில், பள்ளத்தின் விளிம்பை ஒட்டி உங்கள் பலகை நின்றது. ‘பணி நடைபெறுகிறது, மாற்றுப் பாதையில் செல்லவும்’ என்று அதில் நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். பணியும் நடைபெறவில்லை, மாற்றுப் பாதையும் எது என்று சொல்லவில்லை என்பதை விட்டுவிடுகிறேன். பள்ளத்தின் ஓரத்தில் நிற்பவனுக்குப் பள்ளம் இருக்கிறது என்று சொல்லப் பலகை எதற்கு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

திரும்பிப் போனால் மேலும் ஏழு கிலோமீட்டர். எனக்கு முன்னரே அங்கே வந்து நின்ற ஒரு மீன் வண்டிக்காரர், “சாரே, சானல்கரை வழியா விட்டா அந்தப் பக்கம் ஏறிரலாம்” என்றார். அவர் சொன்னதை நம்பி நானும் சானல்கரைச் சாலையில் இறங்கினேன். ஒரு பக்கம் ரப்பர்த் தோட்டம், மறு பக்கம் தண்ணீர் ஓடும் சானல், நடுவே ஒரு கார் போனால் எதிரே சைக்கிள் ஒதுங்க வேண்டிய அகலம். முந்தின இரவு பெய்த மழையில் சாலை முழுவதும் அங்கங்கே செந்நீர் தேங்கிக் கிடந்தது. குழிகளை இடம்விட்டு இடம்விட்டுக் கடந்து வந்த எனக்கு, சாலையின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை வெட்டி, மண்ணைப் பெயருக்குத் தள்ளி, மழையில் அந்த மண்ணும் அமுங்கிப்போன ஒரு குழாய்ப் பள்ளம், மற்ற தேக்கங்களைப் போலவே இன்னொரு செந்நீர்த் தேக்கமாகத்தான் தெரிந்தது. முன்சக்கரம் அதில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது. வேகம் இருபதுக்குமேல் இருக்காது. ஆகவேதான் தலைக்கவசத்தோடும் இரண்டு கைகளோடும் உங்களுக்கு மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் சிராய்ந்தது, பிரேக் லிவர் ஒடிந்தது, முன்சக்கரத்தின் ரிம் கோணி, டியூபிலிருந்து காற்று ஒரு பெருமூச்சுபோல இறங்கிப்போனது.

இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். விழுந்த சத்தம் கேட்டுத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு மூதாட்டி வந்தார். ரப்பர்ப் பால் எடுக்கும் வாளி கையில் இருந்தது. என்னைத் தூக்கி உட்கார வைத்து, முழங்காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, “நேத்தும் ஒரு பயல் விழுந்தான் மக்களே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை” என்றார். பிறகு பேசாமல் தோட்டத்துக்குள் போய், இலையோடு ஒரு கொம்பை ஒடித்துக்கொண்டு வந்து, அந்தப் பள்ளத்தின் நடுவில் குத்தி நிறுத்தி, அதன் நுனியில் தன் தலையில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துக் கட்டினார். “கொம்பு தினமும் குத்தத்தான் செய்யுதேன். ராத்திரி வண்டிக்காரன் எவனாவது ஏத்திட்டுப் போயிருதான்” என்றார். இத்தனைக்கும் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இதற்கு அவர் மதிப்பீடு தயாரிக்கவில்லை, ஒப்பந்தப்புள்ளி கோரவில்லை, மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திருக்கவும் இல்லை.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையாதலால் முதலில் கண்ட பஞ்சர் கடை பூட்டியிருந்தது. காற்றில்லாத முன்சக்கரத்தோடு மேடும் இறக்கமுமாக நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்க் கண்டுபிடித்த இரண்டாவது கடைக்காரர், டியூபை மாற்றலாம், ரிம் கோட்டத்தை எடுக்க நாகர்கோவிலுக்குத்தான் போக வேண்டும் என்று கையை விரித்தார். மதியத்துக்குமேல் மழை பிடித்துக்கொண்டது. லோடு ஆட்டோ கிடைப்பதற்குள் மாலையாகிவிட்டது. ஆட்டோவுக்கு 1,200, டியூபுக்கும் லிவருக்கும் 500, ரிம் கோட்டம் எடுக்க 400, ஆக 2,100 ரூபாய். கணக்கெழுதிப் பழகியவன் என்பதால் சொல்கிறேன்: சந்திப்பில் வைக்க வேண்டிய ஒரு தகரப் பலகைக்கும் இரண்டு கம்புக்கும் இவ்வளவு செலவாகாது.

மறுநாள், கடையில் அனுமதி வாங்கிக்கொண்டு, இதைப் புகாராகச் சொல்ல முயன்றேன். முதலில் அழைத்த அலுவலகம், அந்தச் சாலை தங்களுடையது அல்ல என்றது. இரண்டாவது அலுவலகம், சாலை தங்களுடையதுதான், பள்ளம் தங்களுடையது அல்ல என்றது. மூன்றாவது அலுவலகம், பள்ளம் ஒப்பந்தக்காரருடையது என்றது. எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதில் குறை சொல்வதற்கில்லை. எந்த அலுவலகம், எந்த இடம் என்று இங்கே நான் பெயர் எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியவில்லையென்றால், அதுவே நான் இதை எழுதுவதற்குப் போதுமான காரணம்.

ஸ்ரீநகரிலிருந்து வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், மகாராஷ்டிரத்துப் பன்வேலிலிருந்து வரும் 66ஆம் எண் நெடுஞ்சாலையும் நம் கன்னியாகுமரியில்தான் வந்து முடிகின்றன. காஷ்மீரிலிருந்து தன்னந்தனியாகப் பைக் ஓட்டி வருகிற இளைஞர்கள் கடற்கரையில் நின்று கொடி பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதை நாம் பார்க்கிறோம். அவர்களுடைய துணிச்சலைப் பாராட்டுகிறேன். ஆயினும் உள்ளூர்க்காரன் என்ற முறையில் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உண்மையான துணிச்சல் உங்களிடம் இருந்தால், மழைபெய்த மறுநாள் எங்கள் சானல்கரைச் சாலைகளில் பத்து கிலோமீட்டர் ஓட்டிக் காட்டுங்கள்.

மாத்தூரில் இரண்டு குன்றுகளுக்கு நடுவே 115 அடி உயரத்தில் தொட்டிப்பாலம் கட்டித் தண்ணீரைக் கொண்டுபோன மாவட்டம் இது. திருவிதாங்கூரை ஆண்ட மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1906இல், பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்த மாவட்டம். அந்த அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. அன்று நான் பார்க்கப் புறப்பட்டது அதைத்தான். சிறுவயதில் அப்பாவோடு ஒருமுறை போனது, பிறகு வாய்க்கவில்லை. பொறியாளர் ஒருவருக்கு மரியாதை செலுத்தப் புறப்பட்டவன், பொறியாளர்களுக்குப் புகார் எழுதுவதில் வந்து நிற்கிறேன்.

தலைக்கவசம் இல்லாமல் ஓட்டினால் எங்களுக்கு 1,000 ரூபாய் அபராதம், அது நியாயம்தான், நான் ஒருமுறை கட்டியும் இருக்கிறேன். அதே மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 198-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்திருக்கிறது. சாலையின் வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் தரத்தைக் காக்கத் தவறி, அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது அது. எனக்கு முழங்கால் சிராய்ப்பு மட்டும்தான், ஆகவே அந்தப் பிரிவு எனக்குப் பொருந்தாது. அது பொருந்தும் நிலைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ வேறொருவரோ வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

கோபத்தில் சில சொற்கள் கூடிப்போயிருந்தால் பொறுத்தருளுங்கள். உங்களில் பலர் ஆள் பற்றாக்குறையோடும் நிதிப் பற்றாக்குறையோடும் வேலை செய்கிறீர்கள் என்பதை அறிவேன். ஆகவே கலுங்கை உடனே கட்டித் தாருங்கள் என்று கேட்கவில்லை. சாலை பிரியும் சந்திப்பில், பதாகைகளுக்கு நடுவே கண்ணில் படும்படி, எந்தச் சாலை எத்தனை கிலோமீட்டரில் அடைபட்டிருக்கிறது, எந்த வழியாகப் போக வேண்டும் என்று எழுதி, இரவில் ஒளிரும் வில்லை ஒட்டிய ஒரு பலகையை வையுங்கள் என்று மட்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். குறுக்கே வெட்டிய பள்ளத்துக்கு இருபுறமும் அதே போல ஒன்று வைத்துவிட்டால், அந்த மூதாட்டிக்குத் தினமும் கொம்பு ஒடிக்கும் வேலை மிச்சமாகும்.

ரிம் கோட்டம் எடுத்து வந்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை, மழை இல்லையென்றால், மறுபடியும் அதே வழியாகப் பேச்சிப்பாறைக்குப் புறப்படுகிறேன். அந்தச் சந்திப்பில் வண்டியை நிறுத்திப் பார்ப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
நாகர்கோவிலிலிருந்து ஓர் இருசக்கர வாகன ஓட்டி