மொபைலோட பெயார் ஆகாத டெஸ்க் போன்கள் பற்றின முறைப்பாடு

கஸ்டமர் சேர்விஸ் மெனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்க கொழும்பு புறக்கோட்டையில, துறைமுகத்தில வாற சாமானை விடுவிச்சுக் குடுக்கிற ஒரு கிளியரிங் ஒபிஸ் நடத்துறம். ஒபிஸில இருந்த பழைய போன் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு உங்கட கொம்பனியிட்ட புது டெஸ்க் போன் வாங்கினது ஒரே ஒரு காரணத்துக்காக. மொபைலுக்கு வாற கோலை புளூடூத்தில டெஸ்க் போனுக்கு எடுத்து அந்த ரிசீவராலயே கதைக்கலாம் எண்டு உங்கட சேல்ஸ் ஆள் சொன்னவர். வாயால மட்டும் சொல்லேல்லை, கொட்டேஷனிலயும் "புளூடூத் மூலம் மொபைல் இணைப்பு" எண்டு வடிவா ஒரு வரி அடிச்சிருக்கு, கொப்பி இதோட அனுப்பியிருக்கிறன். இண்டைக்கு வரைக்கும் ஒரு மொபைல் கூட ஒரு போனிலயும் பெயார் ஆகேல்லை, அதாவது புளூடூத்தில சேரேல்லை.

இது எங்களுக்கு ஏன் தேவை எண்டதை முதல்லயே உங்கட ஆளுக்கு விளங்கப்படுத்தினனாங்க. கட்டடம் பழசு, சுவரெல்லாம் தடிப்பு, சிக்னல் ஜன்னல் கரையில மட்டும்தான் ஒழுங்காக் கிடைக்கும், அந்த ஜன்னலுக்குக் கீழதான் லொறிக்காரன்ர ஹோர்னும் நாட்டாமிமாரின்ர சத்தமும். எங்கட வார்ஃப் கிளார்க் துறைமுகத்துக்குள்ள நிண்டு கொண்டெயினர் நம்பர் சொல்லுவார், லொறி டிரைவர்மார் பேலியகொடையில டிரஃபிக்குக்குள்ள இருந்து கோல் எடுப்பினம், எல்லாம் வாறது மொபைலுக்குத்தான், லேண்ட்லைனுக்கு வாறது வங்கியும் கப்பல் லைன்காரரும்தான். கொண்டெயினர் நம்பரில ஒரு இலக்கம் பிழையாக் கேட்டாலே பிறகு பேப்பரெல்லாம் திருத்தி அலையவேணும். மொபைலை ஜன்னல் கரையில சார்ஜில போட்டிட்டு உள்ளுக்க மேசையில இருந்து நல்ல ரிசீவரில கதைக்கலாம் எண்டுதான் இவ்வளவு காசு, அதுக்கு மேல 18 வீதம் வற் வரியும் கட்டினது. மேசைக்கும் ஜன்னலுக்கும் இடையில 10 மீற்றர் வராது, புளூடூத்துக்கு அது பெரிய தூரம் இல்லை.

இப்ப நடக்கிறதைச் சொல்லுறன். மொபைலில புளூடூத்தைத் திறந்து தேடினால் பக்கத்து ஒபிஸ்காரரின்ர டிவி கூட லிஸ்டில வருது, மேசையில ஒரு சாண் தூரத்தில இருக்கிற உங்கட போன் வரேல்லை. மற்றப் பக்கமா டெஸ்க் போனில மெனுவுக்குள்ள போய்த் தேடினால் ஹெட்செட் வருது, மொபைல் வரேல்லை. ஐபோனிலயும் பாத்தாச்சு, சாம்சங்கிலயும் பாத்தாச்சு, ஒரே கதைதான். உங்கட ஹொட்லைனுக்கு எடுத்தால் தமிழுக்கு ஒரு பட்டன் அமத்தச் சொல்லுது, அமத்தினால் தமிழ் தெரிஞ்ச ஆள் இல்லை, சரி அதை விடுவம், சிங்களத்திலயே கதைச்சம். ஹொட்லைனில கதைச்சவர் பின் (PIN) நம்பர் 0000 அடிச்சுப் பாருங்கோ எண்டார். அடிக்கிறதுக்கு ஒரு இடம் திரையில வந்தால்தானே அடிக்கிறது? 2007 இல வந்த புளூடூத் 2.1 க்குப் பிறகு இப்பிடித் திரை இருக்கிற ரெண்டு போனைச் சேக்கேக்க வழமையா ரெண்டு பக்கமும் ஒரே 6 இலக்க நம்பர் காட்டும், பாத்திட்டு ஓகே குடுக்கிறதுதான் முறை. எங்களுக்கு அந்தக் கட்டம் வரைக்கும் போகவே ஏலாமக் கிடக்கு.

பிறகு உங்கட டெக்னீஷியன் வந்தவர். வந்து கொஞ்ச நேரம் மெனுவை அங்க இங்க நோண்டிப்போட்டு எங்களிட்ட ஒரு வார்த்தை கேக்காமல் ரிசப்ஷன் போனை ஃபெக்டரி ரீசெட் பண்ணிட்டார், அதோட எக்ஸ்டென்ஷன் செட்டிங்ஸ், ஸ்பீட் டயல் எல்லாம் போச்சு, அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் லேண்ட்லைனுக்கு எடுத்த ஆக்களுக்கு ரிங் போய்க்கொண்டே இருந்திருக்கு, இங்க ஒரு சத்தமும் இல்லை. போகேக்க "உங்கட வைஃபை புளூடூத்தைக் குழப்புது" எண்டு சொல்லிட்டுப் போனவர். அதுக்குப் பிறகு அந்த விசிட்டுக்கு எங்களுக்கு ஒரு பில்லும் வந்திருக்கு!

வைஃபை கதையை நான் ஏற்கமாட்டன். ரெண்டும் 2.4 கிகாஹேர்ட்ஸில ஓடுறது உண்மைதான், ஆனா இந்த மாதிரிக் கோல் போற புளூடூத் 79 சனலுக்குள்ள செக்கனுக்கு 1600 தரம் மாறி மாறிப் பாயுற சாமான், வைஃபை இடைஞ்சல் குடுத்தால் குரல் விட்டு விட்டுக் கேக்கும், பக்கத்தில இருக்கிற போனின்ர பேரே லிஸ்டில வராமப் போகாது. அதே மேசையில அதே வைஃபைக்குள்ள ஹெட்செட் ஒரு பிரச்சினையும் இல்லாமல் வேலை செய்யுது. மொபைலிலதான் பிழை எண்டும் சொல்ல ஏலாது, அதே மொபைல் எங்கட பொஸ்ஸின்ர காரில ஏறின உடனே பெயார் ஆகி கோல் ஸ்பீக்கரில கேக்குது.

உண்மையான காரணம் போன் செய்த கொம்பனி வெப்சைட்டில போட்டிருக்கிற அட்மின் கைட்டிலயே கிடக்கு, உங்கட ஆக்கள் ஒருத்தரும் அதைத் திறந்து பாக்கேல்லைப் போல. புளூடூத்தில கோல் கதைக்கிறதுக்கு ஹேண்ட்ஸ்ஃப்ரீ புரொஃபைல் எண்டு ஒரு முறை இருக்கு, அதில ரெண்டு பாத்திரம். கோலை வச்சிருக்கிற பக்கம் ஓடியோ கேட்வே, அதை வாங்கிக் காதுக்கும் வாய்க்கும் குடுக்கிற பக்கம் ஹேண்ட்ஸ்ஃப்ரீ யூனிட். மொபைல் எப்பவும் கேட்வே, காரும் ஹெட்செட்டும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ. நீங்க வித்த மாடலுக்கு ஹெட்செட் கொழுவ மட்டும்தான் தெரியும், அதாவது அதுவும் கேட்வே மட்டும்தான். ரெண்டு பக்கமும் பிளக்கை வச்சுக்கொண்டு சொக்கற் இல்லாமல் கரண்ட் எடுக்கச் சொல்லுற மாதிரித்தான் இது. எத்தினை தரம் ரீசெட் பண்ணினாலும் பெயார் ஆகாது. உங்கட ஷோரூமில எங்களுக்குக் காட்டினதும் ஹெட்செட்டைக் கொழுவித்தான், அண்டைக்கே நான் மொபைலை வச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டனான், டெமோ போனில அந்த ஒப்ஷன் லொக் பண்ணியிருக்கு எண்டார் உங்கட சேல்ஸ் ஆள். லொக்கும் இல்லை ஒண்டும் இல்லை, அந்த மாடலில அப்பிடி ஒரு ஒப்ஷனே இல்லை.

இது உலகத்தில இல்லாத வசதியும் இல்லை. சிஸ்கோ 8851, யீலிங்க் டி54டபிள்யூ மாதிரி மாடல்களில மொபைலைப் பெயார் பண்ணி டெஸ்க் போனிலயே கோல் எடுக்கலாம், மொபைலில இருக்கிற கொன்டக்ட்ஸையும் கொண்டுவரலாம். எங்களுக்கு இன்ன கொம்பனிதான் வேணும் எண்டில்லை, கொட்டேஷனில எழுதின வேலையைச் செய்யிற போன் வேணும்.

கடைசியா உங்கட பில்லிங் பகுதியில இருந்து வந்த பதில்தான் எனக்கு நல்லாக் கோபம் ஏத்தினது. "போன் நல்லா வேலை செய்யுது, ஆனபடியால் வாரண்டிக்குள்ள வராது" எண்டு எழுதியிருக்கினம். போன் பழுது எண்டு நாங்க எப்ப சொன்னம்? இருக்குது எண்டு சொல்லி வித்த வசதி அதில இல்லை எண்டுதானே சொல்லுறம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில 30, 31 ஆம் பிரிவுகளைக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்கோ, வாடிக்கையாளரைப் பிழையா நம்பவைக்கிறது, சாமானில இல்லாத பயனை இருக்குது எண்டு சொல்லுறது ரெண்டும் அதுக்குள்ள வருது. வாங்கின நாளில இருந்து 3 மாசத்துக்குள்ள அந்த அதிகார சபைக்கு எழுத்தில முறைப்பாடு குடுக்கவேணும், எங்களுக்கு அந்தக் காலம் இன்னும் முடியேல்லை, கடிதமும் டைப் பண்ணி ஃபைலில இருக்கு.

எங்களுக்கு வேணுமெண்டது இவ்வளவுதான். மொபைலை ஹேண்ட்ஸ்ஃப்ரீயா எடுக்கிற மாடலுக்கு எல்லாப் போனையும் மாத்தித் தாங்கோ, விலை வித்தியாசம் இருந்தால் அதை நீங்கதான் பாக்கவேணும். ஏலாட்டி முழுக் காசையும் வரியோட திருப்பித் தாங்கோ. டெக்னீஷியன் விசிட் பில் எப்பிடியும் கன்சல் ஆகவேணும், ரீசெட்டில போன செட்டிங்ஸைத் திருப்பிப் போடுறதுக்கு எங்கட ஐடி பெடியனுக்குக் குடுத்த காசும் உங்கட கணக்கு. "அடுத்த ஃபர்ம்வெயாரில (போனுக்குள்ள ஓடுற மென்பொருளில) வரும்" எண்டு போனில சொல்லுறதை இனி எடுக்கமாட்டம். அப்பிடி வருமெண்டால் எந்த வெர்ஷன், எப்ப எண்டு போன் செய்த கொம்பனியின்ர கடிதத்தோட தாங்கோ.

பதிலை ஈமெயிலில எழுத்தில போடுங்கோ, ஹொட்லைனில இருந்து கோல் எடுக்க வேண்டாம். போன்களின்ர பெட்டி, வயர், அடப்டர் எல்லாம் எடுத்து வச்சிருக்கு, மாத்தித் தர வாறதெண்டால் காலமை 10 மணிக்கு முதல் வாங்கோ, அதுக்குப் பிறகு எங்கட தெருவுக்குள்ள வான் நிப்பாட்ட இடம் கிடைக்காது.

இப்படிக்கு,
நிர்வாகப் பகுதி,
கிளியரிங் ஒபிஸ், புறக்கோட்டை, கொழும்பு 11