எங்கள் மெஷின்களை ஓட வைத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இந்த நகரத்தின் சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த தையல் கடைக்காரர்கள் சேர்ந்து எழுதும் நன்றி மடல் இது. எப்போதோ எழுதியிருக்க வேண்டும், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்றது. கிட்டே நின்று, கை பட்டு அளவெடுக்கும் தொழில் எங்களுடையது. விசேஷங்கள் நின்றுபோயின, தைக்கக் கொடுத்தவர்களும் துணியைத் திரும்பக் கேட்டார்கள்.

முதல் நன்றி, எங்களோடு உட்கார்ந்து கடன் படிவம் நிரப்பிய பிள்ளைகளுக்கு. நிவாரணக் கடன் உண்டு என்றார்கள். ஆனால் விண்ணப்பம் எங்களுக்குச் சரியாக வாசிக்க வராத மொழியில், அதுவும் இணையத்தில். ஏற்கெனவே கடன் வாங்கிப் பழகியவர்களைத்தான் வங்கி முதலில் கவனித்தது. வருமானத்துக்குச் சான்று கேட்டார்கள். எங்களில் பலரிடம் இருந்தது பில் புத்தகத்தின் கார்பன் நகல் மட்டுமே. அதைப் பக்கம் பக்கமாகக் கூட்டி, மாதவாரியாகப் பிரித்து, கணக்காக்கித் தந்தீர்கள். விண்ணப்பம் திரும்பி வந்தபோதும் முகம் சுளிக்காமல் மறுபடி உட்கார்ந்தீர்களே, அதை மறக்க மாட்டோம்.

அந்த ஆண்டு ஜூன் 5 அன்று உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முகக்கவச வழிகாட்டுதலை எங்கள் மொழியில் விளக்கிச் சொன்ன செவிலியருக்கும் நன்றி. உள்ளே பருத்தி, நடுவே பாலிபுரோப்பிலீன் என்ற நெய்யாத பிளாஸ்டிக் இழைத் துணி, வெளியே பாலியஸ்டர் என மூன்று அடுக்கு வைத்து முகக்கவசம் தைத்தோம். எலாஸ்டிக் கிடைக்காத நாட்களில் ஒரு ரோலைக் கடனாகக் கொடுத்து, "ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்ற மொத்த வியாபாரியே, மெஷின்கள் மறுபடி ஓடியது உங்களால்தான்.

வாடகை பாக்கியைத் தவணையாக வாங்கிக்கொண்ட கட்டட உரிமையாளர்களுக்கும் நன்றி.

வாடிக்கையாளர்களே, அளவுச் சட்டையைப் பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனீர்கள். தோள் சற்று இறங்கியிருந்தாலும் குறை சொல்லாமல் போட்டுக்கொண்டீர்கள். அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. இன்றும் பாதி வேலை அப்படித்தான் வருகிறது.

2023 மே 5 அன்று கோவிட்டுக்கான உலக சுகாதார அவசரநிலை முடிந்ததாக அறிவித்தார்கள். எங்கள் கடன் தவணைகள் அதன் பிறகும் ஓடின. எங்களில் சிலரால் கடையைத் திறக்கவே முடியவில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

பூட்டியிருந்த மாதங்களில் யாரும் வாங்கிப்போகாத துணிகள் சில எங்கள் அலமாரிகளில் இருக்கின்றன. தைத்து, தேய்த்து, பெயர்ச்சீட்டோடு வைத்திருக்கிறோம். உங்களுடையது என்றால் வாருங்கள், கூலி வேண்டாம்.

அன்புடன்,
தையல் கடைக்காரர்கள்